உறக்கமும் உள்ளத்தின் இயல்பும்
(கல்லூரியில் பயிலும் பிள்ளைகளின் நலம் குறித்த ஒரு பாடம்)

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் காலத்தில், வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் முதலிய வட்டாரங்களிலுள்ள நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் சிலர் திருச்சிராப்பள்ளிக்குப் பயில வருகின்றனர். விடுதியில் நம் வழக்கப்படி உண்ண இயலுமா, கட்டணம் எவ்வளவு, பேருந்து வசதி உண்டா என்றெல்லாம் பெற்றோர் கேட்டறிகின்றனர். அவை வேண்டிய வினாக்களே. ஆயினும், "இங்குள்ள பிள்ளைகள் இரவில் எத்தனை மணிக்கு உறங்குகின்றனர்?" என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. ஒருவரது ஆளுமைப் பண்பு, அவரது உறக்கம், அவரது மனநலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. அத்தொடர்பை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இல்லத்தார் ஒருங்கே அமர்ந்து படித்தல் நன்று.

திருச்சியும் மாணவர் உலகமும்

திருச்சிராப்பள்ளி பழமையான கல்வி நகரம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883-இல் இங்கு இடம்பெயர்ந்தது. தேசியக் கல்லூரி 1919-இலும், சீதாலட்சுமி இராமசுவாமி கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி ஆகிய இரண்டும் 1951-இலும் தோன்றின. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் துவாக்குடியில் தொடங்கியது 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆயிற்று. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல் உருவாயிற்று. திருவரங்கம் வட்டத்தில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இயங்குகிறது.

இந்நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதனை நம்மவருள் பலர் அறியார். நடுவண் அரசு 1982-இல் தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தது. மனநல மருத்துவம் பெருநகர்களோடு நின்றுவிடாமல் மாவட்டந்தோறும் சென்றடைய வேண்டும் என்ற எண்ணத்தால், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் நான்கு மாநிலங்களில் மாநிலத்திற்கு ஒரு மாவட்டமாக நான்கு மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்தில் அவ்வாறு அமைந்தது திருச்சிராப்பள்ளி மாவட்டமே. ஆகவே, மனத்துன்பம் மருத்துவத்திற்கு உரிய பொருள், மறைக்கத்தக்க பழியன்று என்ற கருத்து அரசின் செயலாகத் தமிழகத்தில் முதலில் கால்கொண்ட மாவட்டங்களில் நம் பிள்ளைகள் பயிலும் இம்மாவட்டம் முன்னிற்கிறது.

ஆளுமைப் பண்பு என்பது யாது?

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாம் உளவியல் பயின்ற காலத்தில், மனிதரை அகமுகர், புறமுகர் என இருவகையாகப் பிரித்துப் படித்தோம். யுங் என்னும் அறிஞர் 1921-இல் வெளியிட்ட நூலால் பரவிய பாகுபாடு அது. பின்னர் ஆய்வு விரிந்தது. ஆல்போர்ட், ஆட்பர்ட் என்னும் இருவர் 1936-இல் ஓர் ஆங்கிலப் பேரகராதியைத் துருவி, மனிதரின் இயல்பைக் குறிக்கும் சொற்கள் ஏறத்தாழ 18,000 இருக்கக் கண்டனர். பல்லாண்டு ஆய்வுக்குப்பின் அச்சொற்கடல் ஐந்து பெரும் பண்புகளாகச் சுருக்கப்பட்டது. அவை வருமாறு:

1. புதுமை நாட்டம்: புதிய கருத்துகளையும் அனுபவங்களையும் விரும்புதல்.
2. கடமை ஒழுங்கு: திட்டமிடுதல், காலந்தவறாமை, தொடங்கியதை முடித்தல்.
3. புறமுகம்: பலரோடு கலந்து பழகுவதில் ஊக்கம் பெறுதல்.
4. இணக்கம்: பிறரை நம்புதல், விட்டுக்கொடுத்தல், உதவுதல்.
5. கலங்கும் இயல்பு: கவலை, அச்சம், சினம், வருத்தம் ஆகியன எளிதில் எழுந்து, நெடுநேரம் நீடித்தல்.

இவை ஒருவரிடம் உண்டு, மற்றொருவரிடம் இல்லை என்னும் தன்மையன அல்ல. எல்லோரிடமும் உள்ளன; அளவே வேறுபடுகிறது. உயரம் எவ்வாறு சிலர்க்குக் கூடியும் சிலர்க்குக் குறைந்தும் உள்ளதோ, அவ்வாறே இப்பண்புகளும். பாதி பிறப்போடு வருவது, மீதி வளர்ப்பாலும் சூழலாலும் அமைவது எனப் பொதுவாகக் கூறலாம்.

அளவு வேறுபாடு என்னும் இக்கருத்து நம் இல்லங்களுக்குப் புதியதன்று. கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களையும் ஒவ்வொன்றும் நான்கு படிநிலை உடையதாக நம் ஆசாரியர் வகுத்துள்ளனர். கோபத்திற்குக் கல்லின்மேல் கோடு, நிலத்தின்மேல் கோடு, மணலின்மேல் கோடு, நீரின்மேல் கோடு என நான்கு உவமைகள் கூறுவதை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். எழுந்த உணர்வு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதே அங்கு அளவுகோல். ஆன்மவியலும் உளவியலும் வெவ்வேறு நோக்கம் உடையவை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது. எனினும், "இவன் கோபக்காரன், இவள் பயந்தவள்" என ஒரே சொல்லில் பிள்ளைகளை முத்திரையிடுவது தவறு என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

உறக்கம் என்ன செய்கிறது?

உறக்கம் வெறும் ஓய்வன்று. உறங்கும்போது மூளை ஒரு முறையான பணியில் ஈடுபட்டுள்ளது. ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒரு சுற்றாக, மெல்லுறக்கம், ஆழுறக்கம், கனவுறக்கம் எனப் படிநிலைகள் மாறி மாறி வருகின்றன. முன்னிரவில் ஆழுறக்கம் மிகுதி. பின்னிரவில் கனவுறக்கம் மிகுதி. கனவுறக்கம் உண்டு என்பதே 1953-இல்தான் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது.

கற்றதை நிலைநிறுத்துவதும் உறக்கத்தின் பணியே. 1924-இல் ஜென்கின்ஸ், டல்லன்பாக் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, அதன்பின் உறங்கச் செய்தும், விழித்திருக்கச் செய்தும் நினைவை அளந்தனர். உறங்கிய பின்னரே நினைவு மிகுதியாக எஞ்சியிருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் விழித்துப் படிக்கும் மாணவர், பாத்திரத்தில் நீரை ஊற்றியபடியே அடியிலுள்ள துளையைத் திறந்துவைப்பவரை ஒப்பர்.

விழிப்பு நீண்டால் வேறொரு கேடும் உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரது செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரது திறனுக்கு நிகராகக் குறைகிறது என 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்த எல்லை 0.03 விழுக்காடே. மதுவைக் கையாலும் தொடாத இல்லத்துப் பிள்ளை, காலை 6 மணிக்கு எழுந்து இரவு 11 மணியைத் தாண்டிக் கண்விழிக்கும்போது, அறிவுத்திறனில் மதுவுண்டார் நிலையை நெருங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உறக்கத்தை இரு ஆற்றல்கள் ஆள்கின்றன எனப் போர்பேலி என்பார் 1982-இல் விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் உறக்கச் சுமை. மற்றொன்று, ஒளியையும் இருளையும் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் உடற்கடிகாரம். இக்கடிகாரம் வயதுக்கேற்ப மாறுகிறது. வளரிளம் பருவத்தில் அது பின்தள்ளிப்போய், ஏறத்தாழ 20 வயதில் மிகவும் தாமதமாகி, பின்னர் மெல்ல முன்னுக்கு வருகிறது என 2004-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு கூறியது. எனவே, இரவு 9 மணிக்குப் பாட்டிக்கு வரும் உறக்கம் பேத்திக்கு வராதது பேத்தியின் குற்றமன்று. 18 முதல் 25 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. கல்லூரியோ காலை 8 அல்லது 9 மணிக்குத் தொடங்குகிறது. தாமதமாக வரும் உறக்கமும் சீக்கிரம் அடிக்கும் மணியும் சேர்ந்து இரு பக்கமும் அதனைக் குறுக்குகின்றன.

பண்பும் உறக்கமும் சேருமிடம்

உறக்கமின்மை எவ்வாறு தோன்றி நிலைபெறுகிறது என்பதை ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியலார் மூன்று காரணங்களாகப் பகுத்தார்: முன்னிருந்த இயல்பு, தூண்டிய நிகழ்ச்சி, நீடிக்கச்செய்யும் பழக்கம். இம்மூன்றையும் ஒரு கற்பனை மாணவியைக் கொண்டு விளக்குவோம்.

அம்மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் தன் ஊரில் முதலிடம் பெற்றவள். திருவரங்கத்தில் சித்திரை வீதியை அடுத்த ஓர் இல்லத்தில் தோழியர் மூவருடன் அறையெடுத்துத் தங்கியிருக்கிறாள். காலையில் பேருந்தேறி, காவிரிப் பாலங்கடந்து கல்லூரிக்குச் செல்கிறாள். சிறுவயது முதலே கலங்கும் இயல்பு சற்று மிகுதி. ஆசிரியர் ஒரு சொல் கடிந்தாலும் மூன்று நாள் நினைந்து வருந்துவாள். இது முன்னிருந்த இயல்பு. இதனால் மட்டும் நோய் வருவதில்லை.

முதற் பருவத்தேர்வில் ஒரு தாளில் தேறவில்லை; மாணவர் வழக்கில் சொன்னால் ஓர் 'அரியர்'. அன்றிரவு உறக்கம் வரவில்லை. இது தூண்டிய நிகழ்ச்சி. இதுவும் இயற்கையே. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவில் திருவரங்கமே விழித்திருக்கிறது. அடுத்த நாள் அனைவரும் உறங்கித் தெளிகின்றனர். ஓரிரு இரவு விழிப்பு எவரையும் நோயாளி ஆக்குவதில்லை.

மூன்றாவதே முதன்மையானது. உறங்காத இரவை ஈடுசெய்யப் பகலில் மூன்று மணி நேரம் படுக்கிறாள். மாலையில் சோர்வு நீங்கக் காப்பி அருந்துகிறாள். இரவில் படுக்கையிலேயே அமர்ந்து பாடம் படிக்கிறாள். பின் அங்கேயே கைப்பேசியைப் பார்க்கிறாள். 12 மணிக்கு விளக்கணைத்தபின், "இன்றும் உறக்கம் வராதோ" என்று அஞ்சி மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நாளடைவில் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. தூண்டிய நிகழ்ச்சி மறைந்து, தாளில் தேறிய பின்னும் உறக்கமின்மை மறையவில்லை. பழக்கமே அதனைத் தாங்கி நிற்கிறது.

கலங்கும் இயல்பு மிக்கவரிடம் உறக்கக் குறைவு மிகுதி என்பதும், கடமை ஒழுங்கு மிக்கவரிடம் அது குறைவு என்பதும் பல நாடுகளில் மாணவரிடையே மீண்டும் மீண்டும் காணப்பட்டவை. கலங்கும் உள்ளம் பகலின் நிகழ்ச்சிகளைப் படுக்கைக்கும் சுமந்து செல்கிறது. ஒழுங்குடைய உள்ளமோ படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் பெரும்பாலும் மாற்றுவதில்லை. இவ்விடத்தில் ஒன்றை நன்கு நோக்க வேண்டும். கலங்கும் இயல்பை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஆனால் படுக்கும், எழும் நேரத்தை ஒழுங்குறுத்துதல் எவ்வியல்பினர்க்கும் இயலும். இயல்புக்கும் துன்பத்துக்கும் இடையே உறக்கம் ஒரு கதவாக நிற்கிறது. அக்கதவு நம் கைக்கு எட்டுவது.

உறக்கமின்மை மனச்சோர்வின் விளைவு மட்டுமே என முன்னர்க் கருதினர். அது மனச்சோர்வுக்கு முன்னோடியும் ஆகும் என இன்று தெளிவாகியுள்ளது. மனச்சோர்வு இல்லாதவருள்ளும், உறக்கமின்மை உடையோர்க்குப் பிற்காலத்தில் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கூறினர். 2017-இல் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவரிடம் நடந்த பெருஞ்சோதனை இன்னும் ஒருபடி சென்றது. உறக்கமின்மையுடைய மாணவருள் ஒரு பகுதியினர்க்கு, மருந்தின்றி, உறக்கப் பழக்கத்தையும் அதுபற்றிய எண்ணத்தையும் திருத்தும் பயிற்சி கணினிவழி அளிக்கப்பட்டது. அவர்களுக்கு உறக்கம் சீரானதோடு, பிறர் தமக்குத் தீங்கு நினைக்கின்றனர் என்னும் வீணான ஐயமும், மனச்சோர்வும், பதற்றமும் குறைந்தன. உறக்கத்தைத் திருத்தினால் உள்ளமும் ஓரளவு திருந்தும் என்பதற்கு இது வலிய சான்று.

உறக்கம் குற்றமா?

நம் இல்லங்களில் இவ்வினா எழுவதுண்டு. பதினைந்து பிரமாதங்களுள் நித்திரையும் ஒன்று. தரிசனாவரணீய கருமத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஐந்து, நித்திரை, நித்திராநித்திரை, பிரசலை, பிரசலாபிரசலை, ஸ்த்யானகிருத்தி என்னும் உறக்க வகைகளே. இவற்றைக் கேட்டு வளர்ந்த பெரியோர், "உறக்கத்தைக் குறைத்தால் புண்ணியம், கண்விழித்துப் படிப்பவனே நல்ல பிள்ளை" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இது பொருந்தாத முடிவு.

பூஜ்யபாத ஆசாரியர் தம் சர்வார்த்தசித்தி உரையில், நித்திரை களைப்பு நீங்கும் பொருட்டு அமைவது என்ற கருத்தில் விளக்கம் தருகின்றார். களைப்பு தீர்க்கும் துயிலும், மடிமையால் விளையும் துயிலும் ஒன்றல்ல. முனிவர்க்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களில் தரையில் துயிலுதல் ஒன்று. துயிலின் இடமும் அளவும் அங்கு நெறிப்படுத்தப்பட்டன, துயிலே விலக்கப்படவில்லை.

இதற்குக் கண்கூடான சான்று திருச்சிக்கு அணித்தே உள்ளது. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், ஏழடிப்பாட்டம் என வழங்கும் குகையில், நம் முன்னோராகிய துறவியர் துயின்ற 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் இடம் தலையணைபோல் சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டுள்ளது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழமையானது. திருச்சி மலைக்கோட்டைப் பாறையிலும் இத்தகைய படுக்கைகள் உண்டு. இல்லம், உற்றார், உடைமை அனைத்தையும் துறந்த அம்முனிவர்க்கும் துயில ஓரிடம் வேண்டியிருந்தது. அவர்களுக்கு அப்படுக்கைகளை வெட்டுவித்தோர் அதனை அறச்செயலாகவே கருதினர். அவ்வாறிருக்க, உலகியற் கல்வி பயிலும் நம் பிள்ளைகளுக்கு அளவான உறக்கத்தை மறுப்பது எந்நூலுக்கும் உடன்பாடன்று.

மேலும் ஒன்று. பகலவன் மறையுமுன் உண்டுவிடும் நோன்பைக் காக்கும் மாணவர் சிலர், மாலை 6 மணிக்குமுன் உண்டு, பின் இரவு 2 மணி வரை விழிக்கின்றனர். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு விழித்தால் பசி உறக்கத்தைக் கெடுக்கும். நோன்பும் சுமையாகத் தோன்றும். இரவு உண்ணாமையும் முன்னிரவில் துயிலுதலும் ஒரே வாழ்க்கை ஒழுங்கின் இரு பகுதிகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கினால் இரண்டும் நிலையா.

செய்யத்தக்கவை

1. எழும் நேரம் மாறாதிருத்தல் வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும், விடுமுறை நாளாயினும், எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். உடற்கடிகாரம் அதனைப் பற்றியே நிலைபெறும்.

2. எழுந்தவுடன் அரைமணி நேரமேனும் கதிரொளியில் இருத்தல் நன்று. மொட்டை மாடியில் பாடம் படிப்பதும், பேருந்து நிறுத்தம் வரை நடப்பதும் போதும்.

3. காப்பி, தேநீர் ஆகியவற்றை மதியத்தோடு நிறுத்துதல் வேண்டும். காப்பியிலுள்ள ஊக்கப்பொருளில் பாதி நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்.

4. பகலுறக்கம் வேண்டுமாயின் பிற்பகல் 3 மணிக்குள், 20 அல்லது 30 நிமிடம் போதும்.

5. படுக்கை உறங்குவதற்கே. படிப்பதற்கு நாற்காலியோ தரையில் விரித்த பாயோ தனியே இருக்கட்டும். படுத்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் உறக்கம் வராவிடில் எழுந்து, மங்கிய விளக்கில் அமைதியான செயலொன்றில் ஈடுபட்டு, உறக்கம் வரும்போது மீண்டும் படுத்தல் வேண்டும். இடையில் மணியைப் பார்த்தல் ஆகாது.

6. கைப்பேசியை வேறோரிடத்தில் வைத்து, விழிப்பதற்குத் தனிக் கடிகாரம் ஒன்றை வாங்குதல் நலம். அதன் ஒளி மட்டுமன்று, அதில் வரும் செய்திகளும் உள்ளத்தை விழிக்கச் செய்கின்றன.

7. கலங்கும் இயல்பு மிக்கவர் மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, அன்றைய கவலைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யவேண்டிய ஒரு செயலையும் எழுதுக. அன்றைய செயல்களை எண்ணிப் பார்த்துத் திருந்தும் பிரதிக்கிரமணப் பழக்கம் உடையோர்க்கு இது எளிது. ஆனால் அது தம்மைத் தாமே வைது வருந்துவதாக மாறிவிடலாகாது. 48 நிமிடம் அமரும் சாமாயிகம் இயன்றோர் அதனைப் படுக்கைக்குச் சற்று முன்னர் அமைத்துக்கொள்ளலாம்.

8. திருச்சியின் கோடை கடுமையானது. பகலில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தாலன்றி உறக்கம் வாராது. படுக்குமுன் குளித்தல், ஈரத்துணியால் உடலைத் துடைத்தல், காற்று வரும் பக்கம் பாயை இடுதல் ஆகியன உதவும். அறை பார்க்கும்போதே பெற்றோர் சன்னலையும் மின்விசிறியையும் நோக்குக.

இவற்றை ஒருங்கே தொடங்க வேண்டா. முதலாவதையும் ஐந்தாவதையும் மூன்று வாரம் தவறாது கடைப்பிடித்தாலே மாற்றம் தெரியத் தொடங்கும். ஆளுமைப் பண்புகளும் கல்லில் பொறித்தவை அல்ல. 207 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையொன்று, தக்க உளவியல் உதவியால் கலங்கும் இயல்பு சில மாதங்களிலேயே குறையக் கூடும் எனக் காட்டியது.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் கெட்டு, அந்நிலை மூன்று திங்கள் நீடித்தால் அது மருத்துவம் வேண்டும் உறக்கமின்மை. அதுவரை காத்திராமல் உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் உள. முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அறுதல், உணவு குறைதல், வகுப்புக்குச் செல்லாமை, தோழரை விட்டு விலகுதல், "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு, அருமைப் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல் ஆகியன அவை. சில நாட்களாக உறக்கமே இன்றியும் களைப்பின்றி, அளவுகடந்த வேகத்தோடு பேசியும் செலவிட்டும் திரிவதும் நோய்க்குறியே. உறக்க மாத்திரையைத் தாமே வாங்கி உண்பது தீங்கு.

இதனைச் சிறிதெனக் கருதலாகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். அவ்வெண்ணிக்கையுள் ஒவ்வொன்றும் ஓர் இல்லம். இத்தகைய முடிவுக்குக் காரணம் ஒன்றே எனக் கூற இயலாது. ஆனால் "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று அன்போடு நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, சுமை இறக்க வழி பிறக்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

உதவி அணித்தே உள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் நாளின் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவம் பெறலாம். நூறு மாணவர்க்குக் குறையாத கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 சூலை 25 அன்று நெறிமுறை வகுத்தது. ஆகவே சேர்க்கையின்போதே, "இங்கு மாணவர் ஆலோசகர் யார்? எந்நேரத்தில் காணலாம்?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

திருமணப் பேச்சுக்குத் தடையாகும் என அஞ்சி, பிள்ளைகளின் மனத்துன்பத்தை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாம் சிறிய சமுதாயம். ஒருவரை ஒருவர் அறிவோம். எனவே அச்சமும் பெரிது. ஆனால் அதே காரணத்தால் ஒருவருக்கொருவர் துணையாவதும் எளிது. மறைத்த துன்பம் வளர்கிறது. பகிர்ந்த துன்பம் குறைகிறது. ஆசிரியப் பணியில் கழித்த ஆண்டுகளில், வகுப்பில் கண்ணயரும் பிள்ளைகளை நாம் நிறையவே கண்டோம். தனியே அழைத்து வினவியபோது, அவருள் மடியர் மிகச் சிலரே, கவலையுற்றோரே பலர்.

தொலைபேசியில் அழைக்கும்போது மதிப்பெண்ணை முதலில் கேளாதீர்கள். "நேற்று நன்றாக உறங்கினாயா அம்மா?" "எத்தனை மணிக்கு எழுந்தாய் தம்பி?" என்று தொடங்குங்கள். உறங்கவில்லை என்று பதில் வந்தால், அறிவுரை கூற விரையாமல், "என்ன நினைவு வந்தது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். சொல்லிமுடிக்க இடங்கொடுங்கள். இரவு 10 மணிக்குமேல் நீங்களே அழைத்துப் பேசுவதையும் தவிருங்கள்.

எவ்வுயிர்க்கும் தீங்கு நினையாமையை அறமாகக் கொண்டவர் நாம். அவ்வறத்தின் எல்லைக்குள் நம் பிள்ளையின் உடலும் உள்ளமும் அடங்கும் என்பதை அவர்களுக்கு உணர்த்துதல் நம் கடமையாகும்.

இல்லத்தில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. ஐந்து பெரும் பண்புகளில் உம்மிடம் மிக்கிருப்பது எது? அது உமக்கு உதவிய நேரம் ஒன்றும், இடர் செய்த நேரம் ஒன்றும் கூறுக.
2. உறக்கமின்மைக்குரிய மூவகைக் காரணங்கள் யாவை? அவற்றுள் நம்மால் எளிதில் மாற்றத்தக்கது எது? ஏன்?
3. களைப்பு நீக்கும் துயிலுக்கும் மடிமைத் துயிலுக்கும் வேறுபாடு என்ன?
4. கடந்த ஏழு நாட்களில் நீர் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதுக. இல்லத்துப் பெரியோரும் எழுதுக. இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தை இப்பாடத்தைக் கொண்டு விளக்குக.
5. உதவிக்கான தொலைபேசி எண்ணை நூலைப் பாராமல் கூறுக.